என்னங்க என்றொரு கேடயக்காரர்

நாகஜோதி என் பெயரைச் சொல்லமாட்டாள். வெள்ளைத்துரை என்ற பெயர் ரேஷன் கார்டிலும் ஆபீஸ் வருகைப் பதிவேட்டிலும் சும்மா கிடக்கிறது. வீட்டில் நான் ‘என்னங்க’. நான் மாடியில் இருந்தால் அதையே நீட்டி ‘என்னங்கோ’ என்பாள். கோபம் வந்தால் ‘ங்க’ கழன்றுபோய் ‘என்ன’ மட்டும் வந்து விழும். மற்றவர்களிடம் பேசும்போது நான் ‘அவரு’. எங்கள் பக்கத்தில் கல்யாணமான பெண் ‘அவரு’ என்று சொன்னால் யாரு என்று எவரும் திருப்பிக் கேட்பதில்லை. உலகத்தில் எத்தனை ஆம்பளைகள் இருந்தாலும் அந்தச் சொல்லுக்கு ஒரே ஆள்தான். இதைத் தெரிந்துகொண்டால்தான், போன மாசி மாதம் நான் குத்துக்கல்லாக உயிரோடு இருக்கும்போதே என் வீட்டு வாசலில் ஒப்பாரி கேட்ட கதை விளங்கும்.

கீழக்குயில்குடியில் சமணர் மலைக்குப் போகிற ரோட்டோரம் எங்கள் வீடு. வீட்டை ஒட்டி ஓடு வேய்ந்த சாய்ப்பில் நாகஜோதியின் மாவு மில். எனக்குத் தல்லாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. கோப்புகளை ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்கு நகர்த்துவதில் நான் கெட்டிக்காரன். வீட்டில் உண்மையிலேயே வேலை செய்வது அவள்தான். மிளகாய், மல்லிக்கு ஒரு மெஷின். அரிசி, கேப்பை, கம்புக்கு இன்னொன்று. சுவிட்சைப் போட்டுவிட்டால் பேச்சுக்கே இடமில்லை, அவள் சுபாவத்துக்கும் அது தோதுதான். வரிசையில் முந்தப் பார்க்கிறவரை அவள் ஒரு பார்வை பார்ப்பாள். ஆள் தானாகவே தூக்குவாளியோடு பின்னால் போய் நின்றுகொள்வார். ஊர்ப் பெரிய மனிதர்கள் வீட்டுச் சத்துமாவு டின்னும் அந்த வரிசையில்தான் நிற்கும்.

எங்கள் மகன் சூரியபிரகாஷ் காலேஜ் படிக்கும்போது கையில் வைத்து ஆடுகிற ஒரு விளையாட்டுக் கருவி வாங்கியிருந்தான். சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிசு, நடுவில் திரை, இரண்டு பக்கமும் பொத்தான்கள். உள்ளே ஜப்பான்காரர்கள் அந்தக் காலத்தில் செய்த பழைய ஆட்டங்கள். கோயம்புத்தூரில் வேலை கிடைத்ததும் அதை அலமாரியில் போட்டுவிட்டுப் போய்விட்டான். அலமாரியை ஒதுக்கும்போது நாகஜோதி அதை எடுத்தாள். உதவுமா உதவாதா என்று பார்க்காமல் எந்தப் பொருளையும் பழைய இரும்புக்காரரிடம் போடுகிறவள் இல்லை அவள். ஒரு பொத்தானை அமுக்கிப் பார்த்தாள். அதோடு மாட்டிக்கொண்டாள்.

அதற்கு முன்பு போனில் வருகிற ஆட்டங்களை ஆடிப்பார்த்து விட்டிருக்கிறாள். ஒரு படி அரிசியைக் கொட்டிவிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துபோய்விடுகிறது என்பது அவள் புகார். இது அப்படியில்லை. இது கதையோடு போகிற ஆட்டம். சின்னப் படை ஒன்று ஊர் ஊராக நடக்கும், வழியில் பூதங்கள் மறிக்கும். நாம் ஒரு அடி அடித்தால் அது ஒரு அடி அடிக்கும். நம் முறை வரும்போது நாம் பொத்தானை அமுக்கும்வரை பூதம் கையை ஓங்கியபடி அப்படியே நிற்கும். இவள் எழுந்து போய், புனலில் அரிசியைத் தள்ளி, துணிப்பையைத் தட்டி, மாவை டின்னில் அமுக்கிக் கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாலும் பூதம் நின்றுகொண்டிருக்கும். இந்த வீட்டில் தனக்காகக் காத்திருக்கிற ஒரே சீவன் அதுதான் என்று ஒருநாள் என் முகத்தைப் பார்த்தே சொன்னாள். நான் அப்போதுதான் இரண்டாவது தடவையாகக் காப்பி கேட்டிருந்தேன்.

ஆட்டம் முழுக்க இங்கிலீஷ். அவள் பிளஸ் டூ படித்தவள், எழுத்துக்கூட்டி மெதுவாக வாசித்துவிடுவாள். புரியாத சொல் வந்தால் காலேஜிலிருந்து மகள் சத்யப்ரியா வருகிறவரை படை அங்கேயே நிற்கும்.

ஆட்டம் தொடங்கும்போதே படையில் உள்ளவர்களுக்கு நாம்தான் பெயர் வைக்க வேண்டும். வாள் எடுத்த இளவரசனுக்கு சூர்யா, மந்திரம் போடும் அவன் தங்கைக்கு ப்ரியா, காயத்துக்கு மருந்து போடுகிறவளுக்கு ஜோதி என்று வரிசையாகத் தட்டிவிட்டாள். நாலாவது ஆள் ஒரு கேடயக்காரர். தாடி வைத்தவர், நடை மெதுவு. அடி வாங்குவதுதான் அவருடைய உத்தியோகம். மற்றவர்கள் மேல் விழவேண்டிய அடிக்கு இவர் குறுக்கே போய் நிற்பார். குடும்பத்தில் பாக்கி இருந்தவன் நான் ஒருத்தன்தான். வாயால் சொல்லாத பெயரை விரலால் மட்டும் சொல்லிவிடுவாளா? இங்கிலீஷ் எழுத்தில் ‘என்னங்க’ என்று அடித்துவிட்டாள்.

அப்புறம் அந்த ராஜ்ஜியம் முழுவதற்கும் நான் என்னங்க ஆகிப்போனேன். ‘என்னங்க தாக்கினார்’ என்று திரையில் வரும். ‘என்னங்க விஷத்தால் வாடுகிறார்’ என்று வரும். ராஜா சிம்மாசனத்தைவிட்டு இறங்கி வந்து, என்னங்க, என் நாட்டைக் காப்பாற்று என்று கெஞ்சுவார். பக்கத்து நாட்டு ராணி ஒருத்தி, என்னங்க, உங்களை நம்பித்தான் இருக்கிறேன் என்று சொன்ன அன்று நாகஜோதி அவளுக்கு உதவி செய்யாமல் படையைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள். சத்யப்ரியாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. இம்புட்டு அடி வாங்குகிறேனே, எனக்குக் கொஞ்சம் மருந்து தரக்கூடாதா என்று நான் கேட்டால், மருந்து பிள்ளைகளுக்கு வேண்டும், நீங்க தாங்குவீங்க என்று சொல்லிவிடுவாள்.

தை மாதக் கடைசியில், நான் தண்ணீர் குடிக்கும்போது தொண்டையில் ஏதோ ஏறி இறங்குவதை அவள் பார்த்துவிட்டாள். சவரம் செய்யும்போது அது என் கைக்கு முன்பே தட்டுப்பட்டிருந்தது. பார்க்காமல் விட்டால் கரைந்துவிடும் என்று விட்டிருந்தேன். கஷ்டமான கோப்பை அடியில் தள்ளி வைக்கிற ஆபீஸ் பழக்கம். அவளிடம் அந்த ஜம்பம் பலிக்கவில்லை, மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஸ்கேன் எடுத்தார்கள், ஊசியால் கட்டியிலிருந்து கொஞ்சம் உறிஞ்சிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அது புற்றுக்கட்டியா சாதாரணக் கட்டியா என்பது முடிவு வந்தால்தான் தெரியும், பெரும்பாலும் ஒன்றும் இருக்காது என்றார் டாக்டர். ‘பெரும்பாலும்’ என்ற சொல்லுக்கு ஆபீஸில் என்ன அர்த்தம் என்று எனக்கல்லவா தெரியும்.

வெளியே காட்டிக்கொள்ளாமல் இருக்க ஆளுக்கொரு வழி வைத்திருந்தோம். நான் எல்லாவற்றுக்கும் எரிந்து விழுந்தேன். சட்டையில் பொத்தான் இல்லை என்று கத்தினேன், பொத்தான் இருந்தால் இறுக்கமாக இருக்கிறது என்று கத்தினேன். நாகஜோதி மில்லில் அரைத்துக்கொண்டே இருந்தாள், அரைக்காத நேரத்தில் ஆடிக்கொண்டே இருந்தாள். அவள் அழுது நான் பார்க்கவில்லை.

அப்படி இருக்கும்போது ஒருநாள் சாயங்காலம் சத்யப்ரியா அம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். நாகஜோதி கேடயக்காரருக்கு ஒரு கவசம் வாங்கிக்கொண்டிருந்தாள். அந்த ஆட்டத்தின் கதையை சத்யப்ரியா நெட்டில் முழுக்கப் படித்துவிட்டிருந்தாள்.

“அம்மா, அந்தாளுக்கு எதுக்கு அம்புட்டையும் வாங்கிப் போடுற? கல்பாலத்துல அவரு செத்துப்போயிருவாரு. கதையே அப்படித்தான்.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது, நாக்கைக் கடித்துக்கொண்டாள். நாகஜோதி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் விசாரித்தாள். நல்ல கவசம் போட்டால்? அப்பவும் சாவாராம். மருந்து கொடுத்தால்? அந்த இடத்தில் மருந்து கொடுக்கவே விடமாட்டார்களாம். சரி என்று சொல்லிவிட்டுக் கருவியை அணைத்து அரிசி டின்களுக்குப் பின்னால் வைத்தாள்.

மறுநாளிலிருந்து அவள் படை கல்பாலத்துப் பக்கமே போகவில்லை. பாலத்துக்கு முந்தின ஊரில் ஒரு சத்திரம் உண்டு, நாலு பேரையும் அங்கே தங்க வைத்துவிட்டாள். ஊரைச் சுற்றியுள்ள காட்டில் வௌவால், பாம்பு என்று சில்லறைப் பூதங்களை அடிப்பாள், அதில் கிடைக்கிற தங்கத்தில் என்னங்கவுக்கு மேலும் மேலும் கவசம் வாங்குவாள், திரும்பவும் சத்திரத்துக்கே வந்துவிடுவாள். எம்புட்டுப் பலம் ஏற்றினாலும் கதை மாறாதும்மா என்று மகள் சொன்னது காதில் ஏறவில்லை. வீட்டில் எனக்கும் அதே கவனிப்புதான். அங்கே வெள்ளிக் கேடயம் வாங்கினால் இங்கே ஆட்டுக்கால் சூப்பு வந்தது. மலையடிவாரக் கருப்பசாமி கோயிலில் இருந்து கறுப்புக் கயிறும் வந்து கையில் ஏறியது.

பொம்மைக்கும் எனக்கும் என்ன சம்பந்தம், படித்தவள்தானே நீ என்று அவளைத் திட்டினேன். திட்டுகிறவன் யோக்கியதை எனக்குத் தெரியும். ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு, இன்றைக்கு அவள் பாலத்துக்குப் போயிருப்பாளோ என்று நினைத்துக்கொண்டிருப்பேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, எல்லாரும் எங்கே இருக்கிறார்கள் என்று ஒப்புக்குக் கேட்பதுபோலக் கேட்பேன். சத்திரத்தில்தான் என்பாள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கும். நான் பயந்துபோயிருந்தேன்.

வாயைக் கொடுத்துவிட்டோமே என்று சத்யப்ரியா நெட் முழுக்கத் துழாவி ஒரு வழி கண்டுபிடித்தாள். ஆட்டத்தில் ஒரு துறைமுக ஊரில் பெயர் மாற்றிக் கொடுக்கிற கிழவர் ஒருவர் இருக்கிறாராம். கேடயக்காரருக்கு வேறு பெயர் வைத்துவிட்டால், பாலத்தில் சாகிறவர் என்னங்க இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் அம்மாவும் மகளும் படையை நடத்திக்கொண்டு துறைமுகத்துக்குப் போனார்கள். நானும் கட்டிலில் சாய்ந்தபடி ஓரக்கண்ணால் பார்த்தேன்.

கிழவர் புதுப் பெயர் என்ன என்று கேட்டுவிட்டு நின்றார். நாகஜோதிக்கு ஒரு பெயரும் கிடைக்கவில்லை. தாத்தா பெயரை வையேன், அவர்தான் இல்லையே என்றாள் மகள். ஏற்கெனவே போனவரை இன்னொரு தடவை அனுப்புவதா என்று நாகஜோதி மறுத்துவிட்டாள். சும்மா ஏதாவது நாலு எழுத்தைத் தட்டு என்றாள் மகள். அந்த நாலு எழுத்திலும் ஜப்பானில் ஒருத்தர் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று இவள் கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரன் காளை சுற்றுச்சுவர்ச் சண்டையில் எங்களோடு பேச்சை நிறுத்திப் பல வருஷமாகிறது, அவன் பெயரை எழுது என்று நான் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு எழுத்து அடித்தவள் அழித்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போக லீவு கேட்டபோது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்ட எங்கள் கண்காணிப்பாளர் பெயரைச் சொன்னேன். அப்போதுதான் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“அவருக்கும் வீட்ல ஒருத்தி இருப்பாள்ல. அவளும் என்னங்கன்னுதான கூப்பிடுவா.”

கிழவர் கையை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தார். நாகஜோதி பெயரை மாற்றாமலே வெளியே வந்து, படையைத் திரும்பவும் சத்திரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

வெள்ளிக்கிழமை முடிவு வரும் என்று சொல்லியிருந்தார்கள். புதன்கிழமை சாப்பிடும்போது அவளாகவே பேச்செடுத்தாள். பாலத்தில் என்ன நடக்கும் என்று மகளிடம் முழுசாகக் கேட்டுத் தெரிந்துவைத்திருந்தாள். பின்னாலிருந்து பூதப்படை துரத்திக்கொண்டு வருமாம். பாலம் இடிய ஆரம்பித்துவிடுமாம். யாராவது ஒருத்தர் நின்று மறித்தால்தான் மற்றவர்கள் அக்கரைக்குப் போகமுடியும். போகாவிட்டால் பிள்ளைகள் இரண்டும் இந்தக் கரையிலேயே மாட்டிக்கொண்டு கிடக்கவேண்டியதுதான். அந்தக் கேடயக்காரர் தானாகவேதான் நிற்பாராம், யாரும் நிற்கச் சொல்ல மாட்டார்களாம்.

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ, தட்டைத் தள்ளிவிட்டேன்.

“பிள்ளைக ரெண்டும் நடுவுல மாட்டிக்கிட்டு நிக்கும், நான் சத்திரத்துல சூப்பு குடிச்சிக்கிட்டுப் படுத்துக் கெடப்பேனா? என்னைய அம்புட்டுக் கேவலமாவா நெனச்ச? போகச் சொல்லு அந்தாள.”

அவள் தட்டை மறுபடி என் பக்கம் நகர்த்தி, கேட்காமலே ரசம் ஊற்றினாள்.

மறுநாள் வியாழக்கிழமை. முன்பகலில் முத்துத்தாய் இடியாப்ப அரிசி கொண்டுவந்து கொட்டியிருந்தார். எங்கள் தெருவில் ஒரு சாவு என்றால் முதல் ஆளாகப் போய் ஒப்பாரி எடுப்பவர் அவர்தான், அதில் அவருக்குப் பெயரும் உண்டு. அவர் வாசல் பக்கம் நின்று வெற்றிலை மென்றுகொண்டிருக்க, நாகஜோதி மெஷினை ஓடவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து படையைக் கல்பாலத்துக்கு நடத்தினாள். பாதிப் பாலத்தில் கேடயக்காரர் நின்று திரும்பினாராம். திரையில் அவர் பேசுகிற வரி வந்ததாம். இங்கிலீஷில் என்ன இருந்ததோ, ‘நீங்க போங்க, நான் வாரேன்’ என்றுதான் அவள் வாசித்தாள். நான் தினமும் காலையில் ஸ்கூட்டரை எடுக்கும்போது சொல்வதும் அந்த ‘நான் வாரேன்’தான். பிள்ளைகள் ஓடினார்கள், மருந்து போடுகிறவள் ஓடினாள், பாலம் ஆற்றில் விழுந்தது. அக்கரையில் மூன்று பேர்தான் நின்றார்கள். நாகஜோதி அழ ஆரம்பித்தாள். தை மாதத்திலிருந்து அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள்.

மிளகாய் மெஷின் ஓடியிருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். மில்லில் கண்ணீர் சகஜம். ஓடியது அரிசி மெஷின். முத்துத்தாய் பதறிப்போய் ஏண்டி அழுகிறாய் என்று கேட்டார். மெஷின் இரைச்சலில் இவள் சொன்னது இவ்வளவுதான்.

“பிள்ளைகளக் கரைசேத்துட்டு அவரு போயிட்டாரு அத்தே.”

என் கழுத்துக் கட்டி ஏற்கெனவே ஊருக்கே தெரியும். மில்லுக்கு வருகிறவர்கள் ஜாடைமாடையாக விசாரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். இந்த நிலையில் ‘அவரு’ என்று ஒரு பெண் சொன்னால் முத்துத்தாய் எந்த அவரைத் தேடிக்கொண்டு போவார்? அரிசியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, தலைமுடியை அவிழ்த்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

இது எதுவும் தெரியாமல் நான் தல்லாகுளத்தில் கோப்பு நகர்த்திக்கொண்டிருந்தேன். மத்தியானம் போல மைத்துனர் அழகுபாண்டி போன் செய்தார். நாகஜோதிக்கு அண்ணன், டி. கல்லுப்பட்டிக்காரர். எடுத்ததும் யாரு பேசுறது என்று கேட்டார். நான்தான் என்றேன். நான்தான்னா யாரு என்றார். வெள்ளைத்துரை என்றேன். அவர் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார் என்று இரைச்சலில் தெரிந்தது.

“மாப்ள,” என்றார் கடைசியில், “கொஞ்சம் வீட்டுக்குப் போங்க. அங்க நீங்க தவறிட்டீங்கன்னு சேதி.”

நான் இருக்கிறேனா என்று எனக்குப் போன் போட்டுக் கேட்க ஊரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. செத்தவனுக்கு யார் போன் போடுவார்கள்? அழகுபாண்டிகூட, என்னை எப்போது எடுக்கிறார்கள் என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் கேட்கத்தான் என் நம்பரை அழுத்தியிருக்கிறார். நான் நாகஜோதிக்குப் போட்டேன், எடுக்கவில்லை. உள்ளபடி அவளுக்கோ மகளுக்கோ ஏதாவது ஆகி, சேதி மாறி வந்திருக்குமோ என்று பயம் பிடித்துக்கொண்டது. கோரிப்பாளையம், காளவாசல் எல்லாம் எப்படித் தாண்டினேன் என்று ஞாபகமில்லை. கழுத்துக் கட்டி அன்றைக்குத்தான் முதல்தடவையாக மறந்துபோனது.

வீட்டு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டாகிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து என் உடல் வரும் என்று ஆம்பளைகள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். சுற்றுச்சுவர் ஓரமாகக் காளை கண் சிவந்துபோய் நின்றான். நடுவில் பெண்கள் கூட்டம். “தல்லாகுளத்து ஆபீசுக்கே தங்கமா இருந்தவரே” என்று முத்துத்தாய் இழுத்துக்கொண்டிருந்தார். ஆபீஸில் அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது. கூட்டத்தின் மத்தியில் தலையெல்லாம் மாவோடு நாகஜோதி மாட்டிக்கொண்டிருந்தாள். அவள் விஷயத்தைச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் யாராவது ஒருத்தி கட்டிப்பிடித்து, அழுதுரு தாயி, அழுதுரு என்று வாயை மூடிவிடுகிறார்கள். புருஷனைப் பறிகொடுத்தவள் பேச்சை யார் காதுகொடுத்துக் கேட்பார்கள்?

நான் ஸ்கூட்டரை நிறுத்தினேன். முத்துத்தாயின் பாட்டு பாதியில் நின்றது. காளைதான் முதலில் வாயைத் திறந்தான். அண்ணே என்றான். பல வருஷத்துக்குப் பிறகு அவன் என்னோடு பேசிய முதல் சொல். நாகஜோதி அத்தனை பேரையும் விலக்கிக்கொண்டு எழுந்து வந்தாள். தெருவில் என்னோடு சேர்ந்து நடக்கவே கூச்சப்படுகிறவள், ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க என் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சட்டை முழுக்க இடியாப்ப மாவு.

காலேஜிலிருந்து ஓடிவந்த சத்யப்ரியா, செத்தது அப்பா இல்லை, ஆட்டத்தில் வருகிற ஆள் என்று விளக்கினாள். பின்னால் நின்றவர்களுக்கு ஆட்டம் ஆடு என்று கேட்டு, வெள்ளைத்துரை வீட்டில் ஆடு செத்துப்போச்சாம் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அவங்ககிட்ட ஆடு ஏது என்று இன்னொருத்தர் மறுத்தார். முத்துத்தாய் முடியை அள்ளி முடிந்துகொண்டு எல்லாரையும் அடக்கினார்.

“உசுரோட இருக்கிறவன் செத்தான்னு சேதி வந்தா ஆயுசு கெட்டி. தலைக்கு வந்தது தலப்பாகையோட போச்சு. இனி இவருக்கு ஒண்ணும் வராது. ஏ நாகஜோதி, என் இடியாப்ப மாவ எடுத்துக் குடு, நான் போறேன்.”

துக்கத்துக்கு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று நாகஜோதி பெரிய சட்டியில் டீ போட்டாள். போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்து எல்லாரும் குடித்தார்கள். காளை இரண்டு டம்ளர் குடித்தான். அழகுபாண்டி வாங்கிய மாலையை வழியிலேயே ஒரு கண்மாயில் போட்டுவிட்டு வெறுங்கையோடு வந்து சேர்ந்தார். என் தோளையும் முதுகையும் தட்டித் தட்டிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சாதாரணக் கட்டிதான், பயப்பட ஒன்றுமில்லை, ஆறு மாதத்துக்கு ஒருதடவை வந்து காட்டினால் போதும் என்றார். இந்தத் தடவை ‘பெரும்பாலும்’ என்று சொல்லவில்லை. வயித்துல பால வார்த்தீங்க சார் என்றேன். நாகஜோதி, அரிசி அரைபட்டுவிட்டது என்று கேட்டதுபோலத் தலையை ஆட்டினாள். சாப்பாட்டில் எதையும் குறைக்கவேண்டுமா என்று மட்டும் விசாரித்தாள். அவளைப் பொறுத்தவரை கோப்பு நேற்றைக்கே முடிந்துவிட்டது. ஊர் கூடி ஆயுசு கெட்டி என்று சொன்ன பிறகு இந்த டாக்டர் சொல்வது வெறும் நகல்.

கீழே வண்டி நிறுத்துகிற இடத்துக்கு வந்தோம். சாவியை ஸ்கூட்டரில் போடப் பார்த்தேன், போக மறுத்தது. அப்புறம் அங்கேயே, பார்க்கிங் டோக்கன் கொடுக்கிற பெண்ணுக்கு முன்னால், நான் அழுதேன். ஆபீஸ்காரன், வீட்டில் எல்லாரையும் அதட்டுகிறவன், பொம்மைக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவன், மூக்கு ஒழுக அழுதேன்.

“ரொம்பப் பயந்துட்டேன் ஜோதி,” என்றேன்.

“தெரியும்,” என்றாள். என் கையிலிருந்து சாவியை வாங்கினாள். “பின்னால உக்காருங்க, நான் ஓட்டுறேன்.”

அவள் மிளகாய் மூட்டை, அரிசி மூட்டை எல்லாம் வைத்து அந்த ஸ்கூட்டரை ஓட்டுகிறவள்தான். நான் அவள் பின்னால் உட்கார்ந்தது கிடையாது. அன்றைக்கு உட்கார்ந்தேன். காளவாசல் சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு இன்னும் அழுகை நிற்கவில்லை. அவள் திரும்பாமலே, அழுகிறதையெல்லாம் இங்கேயே அழுது முடியுங்க, வீட்டில் ஆள்கள் மாவுக்கு நிற்பார்கள் என்றாள். பச்சை விழுந்தது. நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு தேனி ரோடு முழுக்க அழுதுகொண்டே போனேன், அம்புட்டு நிம்மதியாக இருந்தது.